குறத்திப் பாறையின் கடைசி இரண்டு எழுத்துகள்

“நீங்க படிச்சீங்களா சார், இல்ல ஊகிச்சீங்களா?”

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, செஞ்சிக்கு அப்பால் ஒரு மொட்டைக் குன்றின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது சுநந்தா டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஒதியம்பட்டிலிருந்து அவர் கணவர் தரணி அழைத்தார். “சார், டீச்சர் போயிட்டா சார்” என்றார். மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் சொல்வார். முதலில் என் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல, இந்தக் கேள்வி.

அரை மணி நேரத்தில் இன்னோர் அழைப்பு. எங்கள் பழைய மாணவி ஒருத்தி, வில்லியனூரில் பேனர் அடிக்கும் கடையிலிருந்து பேசினாள். அழுதுகொண்டே கேட்டாள்: “சார், டீச்சர் பேருக்கு ரெண்டு சுழியா, தந்நகரமா? கடைக்காரரு ரெண்டு சுழி போட்டு வச்சிருக்காரு.”

“தந்நகரம்மா. ரெண்டு இடத்துலயும்.”

“நிச்சயமா சார்? அப்புறம் டீச்சர் என்னைத் திட்டும்.”

இருபது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தைப் பார்த்தவன் நான். “நிச்சயம்” என்றேன். அவர் தொடர்பான ஒரு விஷயத்தில் அந்தச் சொல்லை நான் நேர்மையாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அது ஏன் என்பதை அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியராக வந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: “இன்னா டீச்சர், ஜைனர்னு சொன்னாங்க. சேட்டா? இந்தியெல்லாம் வருமா?”

“இந்தி உங்களுக்கு எவ்ளோ வருமோ அவ்ளோதான் எனக்கும் வரும். எங்க அப்பா மணிலாக்கொட்டை போட்டவரு. நீங்க மிதிச்ச அதே சேறுதான் நானும் மிதிச்சேன்.”

தமிழிலேயே பிறந்து தமிழிலேயே சாகும் சமணர்கள் செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள் என்பதை எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். அந்தி சாய்ந்தபின் அவர் சாப்பிட மாட்டார். ஆண்டு விழா நாட்களில் சமையல்காரர் சாயங்காலம் பஜ்ஜியைத் தாமதமாகப் போட்டால், உடற்கல்வி ஆசிரியர் வாசலில் நின்று மேற்கே பார்த்துக் கத்துவார்: “டீச்சர், இன்னும் கொஞ்சம் சூரியன் மிச்சம் கீது, முழுங்கு முழுங்கு!” டீச்சர் சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். “சந்தேகம்னு வந்துட்டா அது ராத்திரிதான் சார்” என்பார்.

வகுப்பில் அவருக்கு ஒரு விதி இருந்தது. கணக்கைப் பாதியில் விட்டு, ‘இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதினால் அரை மதிப்பெண். தெரியாமலே விடையை எங்கிருந்தோ கொண்டுவந்து கடைசி வரியில் ஒட்டினால், அது சரியான விடையாகவே இருந்தாலும், சுழி. செல்லிப்பட்டிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு தேர்வில், “இங்கேர்ந்து எனக்குப் பிடிபடல டீச்சர், மன்னிச்சிருங்க” என்று எழுதி, அதன் கீழே, விட்டுப்போன வரிகளுக்கு அடையாளமாக, இரண்டு புள்ளிகளும் வைத்திருந்தாள். அரை மதிப்பெண்ணும் ‘நல்லது’ என்ற குறிப்பும் கிடைத்தன. தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. “தெரியலன்றதுக்கெல்லாம் மார்க்கு போட்டா ஊரே பாஸாயிடும்மா” என்றார். டீச்சர் சொன்னார்: “தெரியலன்னு எழுதறவங்க ஊருல ரொம்பக் கம்மி சார். போட்டுப் பாருங்க.”

இந்த விதி என் மேலும் ஒரு நாள் விழும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்தக் குன்று அவர் பிறந்த ஊரின் தலைமாட்டில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம் என்று சொன்னவர் அவர். வரலாற்று ஆசிரியன் என்பதால் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. ஆனால் அன்று நானும் அவரிடம் மாணவனாகத்தான் இருந்தேன்.

பாறையிலேயே வெட்டிய ஆழமில்லாத படிகள். பாதி வழியில் ஒரு குகைத்தளம். அதன் தரையில் படுக்கைகளாகச் செதுக்கி வழவழப்பாக்கிய இடங்கள், தலைப்பக்கம் சற்றே மேடாக. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருந்தார்கள். அது எதற்கு என்று நான் பிள்ளைகளைக் கேட்டேன். அலங்காரம் என்றார்கள். டீச்சர், “உங்க வூட்டு சன்ஷேடுக்கு அடியில கொத்தனாரு ஒரு கோடு கிழிப்பாரே, எதுக்கு?” என்று கேட்டார். மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிட என்று ஒரு பெண் சொன்னாள். “அதேதான் இது. படுத்திருக்கிறவங்க நனையக் கூடாதுன்னு ஒருத்தர் நெனச்சிருக்காரு பாரு” என்றார்.

உச்சியில் சிறிய கோயில். கருவறை, அதன் முன்னே ஓர் இடைகழி, அதற்கும் முன்னே தூண் மண்டபம். குனிந்துதான் நுழைய முடியும். தூண்கள் குட்டையானவை, அடியும் தலையும் சதுரம், நடுவே எட்டுப்பட்டை. டீச்சர் ஒரு தூணைக் கையால் சுற்றிக் காட்டினார். “நாலு மூலையை வெட்டினா எட்டு மூலை. அந்த எட்டையும் வெட்டினா பதினாறு. மூலையை ஒழிக்கணும்னு வெட்ட வெட்ட மூலை கூடிக்கிட்டேதான் போகும். எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் வேலை.” கோயிலுக்குப் பின்னால், ஒரு நீண்ட பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் முக்குடை. நகை இல்லை, ஆயுதம் இல்லை, ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய ஓர் அடையாளமும் இல்லை. “யாரு யாருன்னு எப்படி டீச்சர் தெரியும்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். “தெரியாது. செதுக்கினவர் பேர் போடல. நாமளும் போட வேணாம்” என்றார்.

அந்தப் பாறையின் அடியில், தரையோடு தரையாகக் கல்வெட்டு இருந்தது. உணவை ஒவ்வொன்றாகத் துறந்து, நோன்பிருந்து உயிர்விட்ட ஒரு சமணத் துறவியின் நினைவிடம் அது. மேல் வரி கல்லின் பொருக்கோடு உதிர்ந்துபோயிருந்தது. பெயர் அதோடு போயிற்று. கீழ் வரியில் ‘நோன்பு’ என்ற சொல் தெரிந்தது. அதற்கு முன்னால் நான்கு எழுத்துகள். கு, ர என்ற முதல் இரண்டும் தெளிவு. அடுத்த இரண்டும் கால்பட்டும் மழைபட்டும் தேய்ந்திருந்தன.

நான் கல்வெட்டை முறையாகப் படித்தவன் அல்ல. ஒரு கோடை விடுமுறையில் பத்து நாள் பயிற்சி பெற்றிருந்தேன், அவ்வளவுதான். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். சட்டைப் பையில் எப்போதும் போல ஒரு துண்டுச் சாக்பீஸ். மண்டியிட்டு, தெரிந்த இரண்டு எழுத்துகளின் மேல் சாக்பீஸை ஓட்டினேன். கை நிற்கவில்லை. தெரியாத இரண்டின் மேலும் ஓட்டினேன். வ, ர. குரவர். பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது என்று விளக்கமும் சொன்னேன். ஆண் துறவி, ஆசான். கறுத்த பாறையில் வெள்ளை எழுத்து பளிச்சென்று எழுந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“எங்க அம்மால்லாம் இதக் குறத்திப் பாறைன்னுதான் சொல்வாங்க சார்” என்றார் டீச்சர்.

“ஊருக்கு ஒரு குறத்தி கதை இருக்கும் டீச்சர். அதெல்லாம் வரலாறு ஆகாது” என்றேன்.

இறங்கும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சிரித்து, “ரெண்டும்தான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாக்பீஸ் ஒரு மழைக்குப் போய்விடும். மழைக்கு முன்னால், கோயிலுக்கு வெள்ளையடிக்க யாரோ வந்தார்கள். வந்தவர் நல்ல எண்ணத்தில், எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று, என் சாக்பீஸ் கோட்டின் மேலேயே எனாமல் பெயிண்டை ஊற்றி எழுதிவிட்டார். கொஞ்ச நாளில் அடிவாரத்தில் ஒரு பலகையும் வந்தது: குரவர் ஒருவர் நோன்பிருந்து உயிர்நீத்த இடம். ஊருக்குப் போய்வந்த டீச்சர், ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்து சொன்னார்: “சார், உங்க சாக்பீஸ் பெயிண்டாயிடுச்சி.”

நான் பெருமைப்பட்டேன். அதை மறைக்க இப்போது வழியில்லை. பள்ளி ஆண்டு மலரில் கட்டுரை எழுதினேன். பாகூர் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். ‘கல்வெட்டு சார்’ என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது.

ஓராண்டு கழித்து டீச்சர் ஒரு தாளோடு வந்தார். எங்கெங்கோ நூலகங்களில் தேடியிருக்கிறார். சமணத்தில் பாடம் சொன்ன பெண் துறவியருக்குப் பழைய கல்வெட்டுகளில் ஒரு சொல் உண்டு: குரத்தி. இடையின ரகரம். குரவர் என்பதன் பெண்பால். “நம்ம பக்கம் சின்ன ர, பெரிய ற எல்லாம் வாயில ஒண்ணுதானே சார். குரத்தியத்தான் எங்க அம்மால்லாம் குறத்தின்னு சொல்லிக்கினு வந்தாங்களோ என்னமோ. கு, ர அப்படியே இருக்கு. மீதி த, தி. எண்ணிப் பாருங்க, நாலு எழுத்து.”

எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

“அப்ப அது பொம்பளைன்றீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல. பொம்பளையாவும் இருக்கலாம்னுதான் சொல்றேன். நீங்க இல்லன்னு எழுதி வச்சிட்டீங்க.”

பிறகு ஒன்றைச் சொன்னார். அறுப்பு முடிந்ததும் ஊர்ப் பெண்கள் புது நெல் ஒரு கைப்பிடி கொண்டுபோய் அந்தப் பாறையடியில் வைப்பது வழக்கமாம். பலகை வந்தபின், ஆண் துறவியின் இடத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். முதலில் இளையவர்கள் நெல் வைப்பதை நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவர் டீச்சரின் அம்மா. “அம்மா என்னக் கேக்கறாங்க சார், இத்தன வருசம் யாருக்குடி வச்சேன்னு. இன்னான்னு சொல்றது?”

அவர் என்னிடம் கேட்டது, பலகை வைத்தவர்களுக்கு ஒரே ஒரு கடிதம். பெயிண்டைப் பதமாக எடுக்க வேண்டும், கடைசி இரண்டு எழுத்துகள் படிக்க முடியாதவை என்று, கல்வெட்டு நூல்களில் வைப்பதுபோல எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்து, பலகையில் போட வேண்டும் என்று. “நான் எழுதினா சொந்த ஊருக்காகப் பேசுறான்னு சொல்லுவாங்க. எழுதினவரே எழுதினா கேப்பாங்க.” எழுதுகிறேன் என்றேன். தேர்வு முடியட்டும் என்றேன். ஓய்வு வரட்டும் என்றேன். என் ஓய்வு விழாவில் மாலை போட்டு, கல்லைப் பேசவைத்த ஆசிரியர் என்று புகழ்ந்தார்கள். டீச்சர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் எப்படி எழுதுவது? நான்கு வரிக் கடிதம். அதை எழுதினால் கல்வெட்டு சார் செத்துப்போவார். இதற்கிடையில் டீச்சரின் அம்மா காலமானார், பதில் கிடைக்காமலே.

சென்ற ஆண்டு டீச்சருக்கு உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தது. சில மாதங்களில் தண்ணீர்கூட இறங்குவது கடினமாயிற்று. பார்க்கப் போனேன். திருபுவனைத் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த தரணி, ஷிப்டு மணிக்கு ஏற்பச் சாப்பிட்டுப் பழகிய மனிதர், மனைவிக்கு எதிரே சாப்பிட மனம் வராமல் பின்கட்டில் நின்று விழுங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது, கரகரவென்று: “நின்னுகினு துன்னாதய்யா, புரையேறும். இங்க வந்து உக்காந்து துன்னு. வாசனையாவது வரட்டும்.”

அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். “ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வரலாமா சார்? பெயிண்டு பொரிஞ்சி விழுதாம். காலை வெயில் சாஞ்சி அடிக்கறப்பப் பாத்தா எழுத்தோட குழி தெரியும்.”

தரணி வேன் பிடித்தார். விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் அடிவாரம் சேர்ந்தோம். வண்டியிலிருந்து இறங்கியதும் டீச்சர் மூன்று படி ஏறினார். நான்காவதில் உட்கார்ந்துவிட்டார். தரணி தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். “வேணாம். சார் போய்ப் பாத்துட்டு வருவாரு.” என் பக்கம் திரும்பினார். “கீழ மண்டி போட்டாத்தான் சார் தெரியும். சுரண்டாதீங்க. உதிர்ந்த இடத்துல மட்டும் ஊதிப் பாருங்க.”

அவர் நோன்பைப் பற்றி நினைக்கிறாரோ என்று எனக்கு ஒரு பயம். ஏதோ ஆறுதலாக, “மேல பாறையில நோன்பிருந்தவங்களும் உங்கள மாதிரிதான் டீச்சர், சாப்பாட்ட…” என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “அவங்க விட்டாங்க. என்கிட்டருந்து புடுங்கிக்கிச்சி. ரெண்டும் ஒண்ணு இல்ல சார். எனக்குப் பசிக்குது.”

நான் ஏறினேன். குகையையும் மண்டபத்தையும் கடந்து பாறைக்குப் போனேன். வெயில் அவர் சொன்னபடியே சாய்ந்து அடித்தது. பெயிண்ட் ஆங்காங்கே பொரிந்து நின்றது. நான் செய்ய வேண்டியிருந்தது மண்டியிட்டு, கன்னத்தைத் தரையருகே கொண்டுபோய்ப் பார்ப்பது மட்டும்தான். என் முழங்கால்கள் வலித்தன, அது உண்மை. ஆனால் முழங்கால் மட்டும் காரணம் இல்லை. என் தவற்றைக் கிட்டத்தில் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தேன். வெள்ளை பெயிண்ட்தான் தெரிந்தது. சாகப்போகிறவர் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன். அதைக் கருணை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே வந்து, “குரத்திதான் டீச்சர். நல்லாத் தெரியுது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வேட்டியைப் பார்த்தார்.

“படிச்சீங்களா சார், ஊகிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

“முட்டி வலி எப்படி இருக்குது?”

“பரவால்ல.”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். “எழுதிக் குடுங்க.” எழுதிக் கொடுத்தேன். நான்கு எழுத்து. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

அவர் இறந்த நாளில் பேனரில் பெயர் சரியாக இருந்தது. பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று தரணி அவசரப்படுத்தினார், எடுத்துவிட்டார்கள். காரியம் முடிந்த அன்று அவர் என்னை உள்ளே கூப்பிட்டு அந்த நோட்டைக் கொடுத்தார். “உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சி சார். திருத்தி வச்சிருக்கேன்னு சொல்லிச்சி.”

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நீல மையில் நான் எழுதிய ‘குரத்தி’. அதில் கடைசி இரண்டு எழுத்துகளைச் சிவப்பு மை குறுக்கே அடித்திருந்தது. அவற்றின் மேலே, எழுத்துக்கு ஒன்றாக, இரண்டு புள்ளிகள். ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சுழி.

அவர் பார்த்தது வேட்டியின் முழங்கால் பகுதியை. மண் ஒட்டாத வெள்ளை வேட்டி. மண்டியிடாதவன் படித்திருக்க முடியாது. வாழ்நாள் கடைசியில் அவர் மனம் விரும்பிய சொல்லையே நான் கொடுத்தும், அது ஊகம் என்பதால் வேண்டாம் என்று அடித்துவிட்டார். தன் அம்மாவுக்காகக்கூட அதை வைத்துக்கொள்ளவில்லை. நியாயமான மதிப்பெண். நான் மறுகூட்டல் கேட்கப் போவதில்லை.

கடிதத்தை இப்போது எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு வரிதான் ஆயிற்று. பதில் இன்னும் இல்லை. போன வாரம் தனியாகப் போய் அந்தப் பாறையடியில் மண்டியிட்டேன். பெயிண்ட் விழுந்த இடத்தில், அதோடு கல்லின் மேல்தோலும் சேர்ந்தே விழுந்திருந்தது. அங்கே இனி எந்த எழுத்தும் இல்லை. ஆணா பெண்ணா என்பதை இனி எவரும் படிக்க முடியாது. அதைச் செய்தது என் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ். கல்வெட்டு சார் என்று இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

சுநந்தா டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தச் சுழியும் அந்த இரண்டு புள்ளிகளும். அவற்றை உங்களுக்கும் கொஞ்சம் தருகிறேன்.

இன்று ஒரு தாளை எடுத்து, உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அதன் மேலே அவருடைய அம்மாவின் பெயரை, அதற்கும் மேலே அவருடைய அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டே போங்கள். தெரியாத இடம் வந்ததும் புள்ளி வைத்து நிறுத்துங்கள்.